பசங்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளைப் பயன்படுத்தக் கத்துக் கொடுக்கறது எப்படி

எம்.ஏ. பசங்களுக்கு ப்ராஜெக்ட் கைடா இருக்கற நம்மள்ல நிறைய பேர் முதல் க்ளாஸ்லயே அடிக்குறிப்பு எப்படி போடறது, கமா எங்க புள்ளி எங்கனு ஆரம்பிச்சிடறோம். நானும் சில வருஷம் அப்படித்தான் நடத்தினேன். அதை கடைசிக்கு வச்சுக்கலாங்க. பசங்க மனசுல முதல்ல பதிய வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: நீ எழுதியிருக்கற இந்த வரி யார் சொன்னது, அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

இதுக்கு எனக்கு ரொம்ப கைகொடுக்கறது கீழடி. எத்தனை வருஷப் பழசுனு கேட்டு போர்டுல எழுதச் சொல்லுங்க, 2,600, 3,000, 5,000னு ஆளுக்கொரு நம்பர் வரும், எங்க பாத்தனு கேட்டா யூட்யூப், வாட்ஸ்அப். திட்டாதீங்க. அங்கேருந்தே ஒவ்வொரு படியா பின்னாடி போகச் சொல்லுங்க. வீடியோவுக்கு முன்னாடி ஒரு பேப்பர் செய்தி இருக்கும், செய்திக்கு முன்னாடி தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ல வெளியிட்ட அறிக்கை இருக்கும், அதுக்குள்ள கரிமக் காலக்கணிப்பு (கார்பன் டேட்டிங்) முடிவு இருக்கும். 353 செ.மீ. ஆழத்துல எடுத்த மாதிரிக்கு கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்துல எடுத்ததுக்கு கி.மு. 205, சோதிச்சது அமெரிக்காவுல மயாமில இருக்கற லேப். அதைப் பாத்த உடனே பசங்களே கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, ஒரே ஊருக்கு எப்படி சார் ரெண்டு தேதினு. அந்தக் கேள்வி வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. தேதி ஊருக்கு இல்ல, அந்த ஆழத்துல இருந்த மாதிரிக்குனு புரிஞ்சவன் அடுத்து எழுதற வரியே வேற மாதிரி இருக்கும். இதுக்கு ரெண்டு பீரியட் முழுசா போகும், போகட்டும்.

அடுத்து தேடறது. கூகுள் ஸ்காலர்ல ஒரு நல்ல கட்டுரை கிடைச்சா அதோட நிறுத்தாம, அதுக்குக் கீழ அந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கனு ஒரு லிங்க் இருக்கும், அதைத் தட்டச் சொல்லுங்க, பின்னாடி வந்தவங்க அதை ஏத்துக்கிட்டாங்களா மறுத்தாங்களானு அங்கதான் தெரியும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேத்து வச்சிருக்கற சோத்கங்கா வெப்சைட்ல ஆய்வேடுகள் கொட்டிக் கிடக்கு, ஆனா அதுலேருந்து பத்தி பத்தியா எடுக்கற பழக்கம் வந்துட்டா போச்சு, அதோட துணைநூற்பட்டியலை மட்டும் முதல்ல பாருனு சொல்லுங்க. சாட்பாட் கொடுத்த புத்தகப் பட்டியலோட வர்ற பசங்க இப்ப அதிகமாயிட்டாங்க. தலைப்பு, ஆசிரியர், இதழ் பேர் எல்லாம் அச்சு அசலா இருக்கும், தேடிப் போனா அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. அதனால நான் வச்சிருக்கற விதி, கையில எடுத்து பக்கத்தைப் புரட்டாத எதுவும் பட்டியல்ல வரக் கூடாது.

படிக்கறதை வீட்டு வேலையா விட்டுடாதீங்க. ஒரு பன்னெண்டு பக்கக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து க்ளாஸ்லயே சேர்ந்து படிங்க. இவர் என்ன சொல்றார், எதை வச்சு சொல்றார், யாரோட கருத்தை மறுக்கறார், எதைத் தொடாம விட்டுட்டார், இந்த நாலுக்கும் பதில் எழுதினாத்தான் படிச்சதா கணக்கு. மூணாவது கேள்விலதான் பசங்க திணறுவாங்க. அச்சுல வந்தது எல்லாம் தீர்ப்புனு நினைச்சு வளர்ந்த புள்ளைங்க, ஆராய்ச்சிங்கறது ஆளுக்கு ஆள் பதில் சொல்லிக்கற வாதம்னு அப்பதான் பாக்கறாங்க. அங்க அவசரப்படாதீங்க.

குறிப்பு எடுக்கற நோட்டுல நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் ஆசிரியரோட வார்த்தை அப்படியே, மேற்கோள் குறி போட்டு, பக்க எண்ணோட. வலது பக்கம் புத்தகத்தை மூடி வச்சுட்டு சொந்த வார்த்தைல. காப்பி அடிக்கணும்னு நினைச்சு அடிக்கறவங்க கம்மிதாங்க, மேற்கோள் குறி போடாம எழுதி வச்சு மூணு மாசம் கழிச்சு அது தன்னோட வரினு நம்பிடற புள்ளைங்கதான் அதிகம். ஆய்வேடு மத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்லனு யுஜிசி 2018ல விதி போட்டதுலேருந்து, பசங்க வார்த்தையை மட்டும் மாத்தி மாத்தி நம்பரைக் குறைக்கறாங்க, அடுத்தவங்க கருத்தை பேர் சொல்லாம எடுத்துக்கறதும் திருட்டுதான்னு தெளிவா சொல்லிடுங்க.

என் எம்.ஃபில் வைவால (வாய்மொழித் தேர்வுல) வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் ஒரு அடிக்குறிப்பைக் காட்டி, இந்தப் புத்தகத்தைப் பாத்திருக்கீங்களானு கேட்டார். நான் பாக்கல. வேற ஒருத்தர் புத்தகத்துல இருந்த மேற்கோளை மூல நூல்லேருந்தே எடுத்த மாதிரி போட்டிருந்தேன். அன்னிக்கு பதில் சொல்ல முடியாம நின்னது இன்னும் மனசுல இருக்கு. அதனாலதான் மூல நூல் கிடைக்கலனா இன்னாரோட நூல்ல எடுத்தாளப்பட்டதுனு போடச் சொல்லி அவ்ளோ வற்புறுத்தறேன்.

இப்ப ஃபார்மேட்டுக்கு வரலாம். எந்த முறையா இருந்தாலும் ஒண்ணை எடுத்தா கடைசி வரைக்கும் அதேதான். தமிழ்ப் பேர்ல இருக்கறது இனிஷியல், குடும்பப் பேர் இல்ல, அதனால பட்டியல்ல சாமிநாதையர், உ.வே. அப்படினு வரட்டும். பழைய புத்தகத்துல பிரபவ, விபவனு வருஷப் பேர் மட்டும் இருந்தா அதையும் எழுதி ஆங்கில வருஷத்தையும் பக்கத்துல போடணும், அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும்கறதால சரிபார்த்துத்தான் போடணும். புறநானூறு முதல் பதிப்பு வந்தது 1894ல. ஆனா பையன் படிச்சது லைப்ரரில இருக்கற பிந்தைய பதிப்புனா, அவன் போட வேண்டியது அந்தப் பதிப்போட வருஷமும் அதோட பக்க எண்ணும்தான்.