ஒரு கைக்கு இரண்டு பிரேக்

பக்கவாதத்துக்குப் பிறகு என் இடது கையில் பிடிமானம் திரும்பவே இல்லை. நான் ஓட்டுவது சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக் லீவர். வலதை மட்டும் பிடித்தால் வண்டி வெடுக்கென்று வலப்பக்கம் இழுக்கும். இறக்கத்தில் ஒருமுறை மண் ஓரத்தில் போய்த்தான் நின்றேன்.

ஒரே லீவர் இரண்டு கேபிளை இழுக்கும் வகை கிடைக்கிறது. பூட்டி நிறுத்தும் பொத்தானோடு வாங்கினேன். மாட்டுவது சுலபம். சமன் செய்யத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. இடது சக்கரத்துக்குப் போகும் கேபிள் நீளம், வளைவும் அதிகம். உராய்வு கூடி அந்தப் பக்கம் தாமதமாகப் பிடித்தது. கேபிளின் பழைய உறையைக் கழற்றிப் புதிது போட்டேன். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, கேபிள் எங்கும் விறைக்கவில்லை என்று பார்த்த பிறகே அளவு வெட்டினேன்.

முன்பக்கத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். மகள் இரண்டு சக்கரத்தையும் சுழற்றிவிட, நான் லீவரை மெல்ல அழுத்தினேன். முதலில் நின்ற பக்கத்தின் அட்ஜஸ்டரை, அதாவது கேபிள் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, கால் சுற்று தளர்த்தினேன். நான்காவது முறை இரண்டும் ஒன்றாக நின்றன. கை விசை இரண்டாகப் பிரிவதால் முன்னைவிட அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டி நேராக நிற்கிறது.