பாதுகாப்பான தெருவுக்காகத் துறைக்குள் வாதாடும் பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். சாலைச் சாவுகளைத் தடுக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், அவர் பொறியாளர் அல்லர் என்பது நம் தொழிலுக்குச் சற்றுக் கூச்சம் தரும் செய்திதான். அக்கறையுள்ள பொறியாளர்கள் துறைக்குள் உண்டு. ஆனால் அவர்கள் பேசும் நேரமும் விதமும் பல வேளைகளில் தவறிவிடுகின்றன.

முதல் தவறு, தாமதம். தொழில்நுட்ப ஒப்புதல் கிடைத்து, ஒப்பந்தப்புள்ளியும் கோரிய பிறகு நடைபாதையைப் பற்றிப் பேசினால், அது திருத்திய மதிப்பீட்டையும் கணக்குத் தணிக்கை ஆட்சேபத்தையும் வரவழைக்கும் தொல்லையாகவே மேலதிகாரிக்குத் தோன்றும். சாலைப் பாதுகாப்புத் தணிக்கையை வரைவுக் கட்டத்திலேயே தொடங்க சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) கையேடு வழிசெய்கிறது. அப்போது மாற்ற வேண்டியது வரைபடத்திலுள்ள கோடுகளை மட்டுமே.

அளவு சொல்லாமல் ஆதங்கத்தை மட்டும் சொல்வது அடுத்த தவறு. நம் ஊர்களில் மழைநீர் வடிகாலின் மூடியையே நடைபாதை என்று கணக்குக் காட்டிவிடுகிறோம். அது முழங்கால் உயரத்துக்கு எழும்பி, வீட்டு வாசல்தோறும் அறுபட்டு, நடுவில் மின்பெட்டியையும் தாங்கி நிற்பதால் மூத்தவர்கள் தார்ச்சாலையிலேயே நடக்கிறார்கள். விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, தடையற்ற நடைவெளி குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று நடப்பவர் வசதிகளுக்கான ஐஆர்சி 103 வழிகாட்டி சொல்கிறது. நான்கு வாகனத் தடங்களின் அகலத்தையும் 3.5 மீட்டரிலிருந்து 3.25 ஆக்கினால், ஒரு சென்ட் நிலம் கையகப்படுத்தாமலே 1 மீட்டர் அகலம் கிடைக்கும் என்பதைக் குறுக்குவெட்டுப் படமாக வரைந்து காட்டினால், மேசைக்கு அப்பால் இருப்பவரும் எண்களால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை விடுத்து ஆம்ஸ்டர்டாம் படங்களைக் காட்டினால், "நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்ற ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடும்.

எல்லா விபத்தையும் ஓட்டுநரின் கவனக்குறைவு என எழுதும் வழக்கத்துக்கு நாமும் உடன்படக்கூடாது. மனிதர் தவறுவார் என்பது வடிவமைப்பவருக்குத் தெரிந்த செய்திதான். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதும் அவர் படித்த பாடமே. எனவே தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதபடி சாலையை வடிவமைப்பது அவர் பொறுப்பு.

கடைசியாக, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவைச் சக பொறியாளரை மிரட்டப் பயன்படுத்துவதும் வேண்டாம், வாய்மொழியாக எச்சரித்துவிட்டு ஓய்வதும் வேண்டாம். விதித்த தரத்தைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் வடிவமைப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. அந்த இடம் ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். ஆகவே தேதியிட்டு, படத்தை இணைத்து, கோப்பில் இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைத்தால், அடுத்துக் கையொப்பமிடுபவர் அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.