குதிரை இல்லாமல் குதிரைப் பிரசங்கியாரை மேடையேற்றுவது எப்படி?

வாலிபர் ஞாயிறுக்கு மோனோ ஆக்டிங் என்றால் எங்கள் வேப்பேரிப் பக்கம் பாதிப் பிள்ளைகள் கெட்ட குமாரனாகத்தான் வந்து நிற்பார்கள். ஒரு மாறுதலுக்கு, அமெரிக்கக் காட்டுப்புறங்களில் குதிரையில் சுற்றிய மெதடிஸ்ட் சபைப் பிரசங்கியாரைப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடமாக நான் பழக்கிவருகிறேன்.

முதலில் குதிரையை மறந்துவிடுங்கள். முதல் வருடம் அட்டையில் குதிரை செய்து, உள்ளே இரண்டு பையன்களை விட்டேன். முன்கால் ஒரு பக்கம் போனது, பின்கால் ஒரு பக்கம். ஜெபக் காட்சியில் சபையே சிரித்தது.

பை போதும். சேணத்தின் இரு பக்கமும் தொங்கும் பைதான் அந்த மனிதருக்கு வீடு. புதுப்பேட்டையில் பழைய புல்லட் சைடு பேக் ஒரு ஜோடி வாங்கி, நடுவில் பெல்ட் வைத்துத் தைத்துத் தோளில் போடுங்கள். உள்ளே பைபிள், பாட்டுப் புத்தகம், சபை ஒழுங்குப் புத்தகம், மாற்றுச் சட்டை. விற்கவும் கொஞ்சம் புத்தகம் வேண்டும். 1789-லேயே மெதடிஸ்டுகள் அங்கே சொந்தப் பதிப்பகம் தொடங்கிவிட்டார்கள், அதன் புத்தகங்களைச் சுமந்து விற்றவர்கள் இவர்கள்தான். நடிக்கிற பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கட்டும். சட்டையை மட்டும் முன்பே தண்ணீரில் முக்கி வையுங்கள். அதை எடுத்துப் பிழியும்போது தரையில் சொட்டுகிற சத்தம் கேட்கும். அங்கே வசனம் வேண்டாம்.

யாராக நடிப்பது? பிரான்சிஸ் ஆஸ்பரி பெரிய பெயர். 1771-ல் இங்கிலாந்திலிருந்து போனவர். 1816-ல் சாகும்வரை கல்யாணமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. பீட்டர் கார்ட்ரைட் 1846 தேர்தலில் ஆபிரகாம் லிங்கனிடம் தோற்றவர். நம்ம ஊர்த் தொடர்பு வேண்டுமானால் வில்லியம் டெய்லர்: 1849-ல் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்கு சான் பிரான்சிஸ்கோ தெருவில் நின்று பிரசங்கித்தவர், 1870-களில் மதராசுக்கே வந்தார். ஆனாலும் என் ஓட்டு, பெயர் தெரியாத ஒரு இருபது வயசுப் பையனுக்குத்தான். வருடாந்தர மாநாட்டின் முடிவில் பிஷப் பட்டியல் வாசிக்கும்வரை அவனுக்கு எந்த சர்க்யூட், அதாவது எந்தெந்த ஊர்களைச் சுற்றிவர வேண்டும் என்றே தெரியாது. ஒரு சுற்று முடிய நாலு முதல் ஆறு வாரம். வருடத்துக்கு 64 டாலர், 1800-லிருந்து 80. அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். (இதை ஒத்திகையில் கேட்ட எங்கள் சபைப் போதகர், "அப்பவுமா?" என்றார்.)

காட்சி ஒன்றே போதும்: மழை, மரக்கட்டை வீடு, கதவைத் தட்டுகிறான். வீட்டுக்கார அம்மாவின் குரலையும் அதே பிள்ளை பேச வேண்டும், தோளைத் திருப்பிக்கொண்டு. "இந்த மழையில வெளிய திரியறது காக்காவும் மெதடிஸ்ட் பிரசங்கியாரும்தான்!" அந்த நாட்டில் நிஜமாகவே புழங்கிய பேச்சு இது. டிசம்பரில் போட்டால் நம் சபைக்கு விளக்கமே தேவைப்படாது.

உள்ளே வந்ததும் பிள்ளைகள் உடனே வேதாகமத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். தடுத்துவிடுங்கள். என் தாத்தா திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் சுற்றிய உபதேசியார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணி கேட்பார், பிறகு "மாடு கன்னு போட்டுச்சா?" என்பார், அதற்கப்புறம்தான் ஜெபம். அந்த வரிசையிலேயே நடிக்கச் சொல்லுங்கள். பிரசங்கம் முப்பது செகண்டுக்கு மேல் போகக் கூடாது.

கறுப்புக் கோட்டு வாடகைக்குக் கிடைக்கும். மே மாதமென்றால் தொப்பி மட்டும்.

முடிவில் கையை உயர்த்தி, மனந்திரும்ப முன்னே வாருங்கள் என்று அழைப்புக் கொடுக்க விடாதீர்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பியிடமும் முன்பே சொல்லிவையுங்கள். ஈரச் சட்டையைத் திரும்பப் பைக்குள் திணித்து, "அஞ்சு வாரம் கழிச்சு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், இதே வீட்லம்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை நடுப்பாதை வழியாகவே வெளியே நடந்து போகட்டும்.