தனியாளாகத் தென்னை ஏறப் போகிறவருக்கு

கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் ஊர். இருபத்திரண்டு வருடமாகத் தென்னை ஏறுகிறேன். முதல் எட்டு வருடம் ஒரு குத்தகைக்காரரிடம் கூலிக்கு ஏறினேன். அப்புறம் தனியாக வந்துவிட்டேன்: ஒரு எக்ஸ்எல் வண்டி, ஒரு போன், இரண்டு அரிவாள். பொள்ளாச்சிப் பக்கம் சின்னத் தோப்புகளும் கோவையில் வீட்டு மரங்களும்தான் என் வேலை. இப்போது என் அக்கா மகன் தானும் தனியாகத் தொழில் செய்யப் போவதாகச் சொல்கிறான். அவனிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் தன் மரத்தின் கொண்டையை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டார். அதைப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள். காயைத் தள்ளிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனால் அடுத்த தடவை அவர் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார். மேலே பார்த்ததைக் கீழே வந்து விவரமாகச் சொல்லுங்கள். பத்து வருடம் ஆனாலும் உங்களையே கூப்பிடுவார். என்னிடம் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படி ஒட்டிக்கொண்டவைதான்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு சொம்பு ராகிக் கூழ் குடிப்பேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது. ஆறரைக்கு முதல் மரம். பதினொரு மணிக்குள் முடித்துவிடப் பார்ப்பேன். அதற்கு மேல் அண்ணாந்து பார்த்தால் வெயில் கண்ணைக் குத்தும், உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கும். மார்கழி, தை மாதங்களில் பனி காயும்வரை மரத்தைத் தொடுவதில்லை. முந்தின நாள் ராத்திரி குடித்திருந்தால் மறுநாள் ஏறாதீர்கள். இதில் எனக்கு வேறு பேச்சே கிடையாது. என்னோடு கூலிக்கு ஏறிய ஒருவரை நான் இழந்தது அப்படித்தான்.

மரத்தடிக்குப் போனதும், இரண்டு கால்களையும் சேர்க்கும் தளைக் கயிற்றை உடனே மாட்டாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கும். வேர் அழுகிய மரம் எப்போது சாயும் என்று யாருக்கும் தெரியாது, ஏறாதீர்கள். அப்புறம் அரிவாளின் பின்பக்கத்தால் இடுப்பு உயரத்தில் நாலு பக்கமும் தட்டுங்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே பொக்கையாக இருந்தால் பறையைத் தட்டியது போலக் கேட்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மரம் தட்டினால் காதுக்குப் பிடிபட்டுவிடும். இடி விழுந்த மரத்தையும், குருத்து சாய்ந்த மரத்தையும் தூரத்திலேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து மின்கம்பி. ஒரு மட்டை பதினைந்து அடிக்குக் குறையாது. கம்பி பத்தடி தள்ளிப் போகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள், ஆனால் வெட்டிய மட்டை போய் அதன்மேல்தான் விழும். பச்சை மட்டையில் ஈரம் உண்டு, மின்சாரம் பாயும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஏறுவேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஏறுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், "இல்லீங்ணா, லைன்மேனைக் கூப்பிடுங்க, நான் நாளைக்கு வர்றேனுங்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதனால் போன வீடு ஒன்றிரண்டு உண்டு. போகட்டும்.

வீட்டு மரம் என்றால் கீழே இருப்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்: கார், தண்ணீர்த் தொட்டி, சோலார் ஹீட்டர், பக்கத்து வீட்டு ஓடு, கட்டிப்போட்ட நாய். தனியாக வந்த முதல் வருடம் ஒரு வீட்டில் காய் மதில் சுவரில் பட்டுத் துள்ளி, பக்கத்து வீட்டில் ஏழு ஓடுகளை உடைத்துவிட்டது. அன்றைக்குக் கிடைத்த கூலியைவிட ஓட்டுக்குக் கொடுத்ததுதான் அதிகம். அதிலிருந்து நெருக்கமான இடத்தில் குலையைக் கயிற்றில்தான் இறக்குகிறேன். கயிற்றின் ஒரு முனையைக் குலைக்காம்பில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். கயிற்றை நல்ல பச்சை மட்டை ஒன்றின் அடிப்பகுதிக்கு மேலாக, மரத்தோடு ஒட்டிய இடத்தில் போட்டு மறுமுனையைக் கீழே விடுங்கள். கீழே நிற்பவர் கயிற்றை இழுத்து இறுக்கிய பிறகுதான் காம்பில் அரிவாள் வைக்க வேண்டும். காம்பை ஒரே வெட்டில் அறுக்காமல் முக்கால்வாசி வெட்டி நிறுத்துங்கள். குலை மெதுவாகத் தலை சாயும், கயிறு பாரத்தை ஏற்கும். அப்புறம் மீதியை அறுங்கள். கயிறு பிடிப்பவரைக் குலைக்கு நேர் கீழே நிற்க விடாதீர்கள்.

ஏறுவதற்குத் தளையா மெஷினா என்று அக்கா மகன் கேட்டான். நான் தளையில் பழகியவன். கால் இரண்டையும் சேர்க்கும் அந்தக் கயிறு இல்லாமல் எனக்கு மரம் மரமாகவே தெரியாது. ஆனால் இப்போது தொடங்குகிறவர்கள் மெஷினில் தொடங்குங்கள். கண்ணூர்ப் பக்கம் செம்பேரியில் பிறந்த அந்த இரண்டு கால் மெஷினில் நின்றபடியே ஏறலாம். நெஞ்சும் முழங்காலும் தேயாது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஆறு நாள் பயிற்சி நடத்துகிறது. அதில் மெஷினில் ஏறவும் மருந்து வைக்கவும் குலை பார்க்கவும் கற்றுத் தருவார்கள். வெட்கப்படாமல் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். நான் போனது தொழிலுக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து, அப்போதும் புதிதாகக் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. ஒன்று மட்டும், மரத்தில் காலடிக்காகக் கொத்துப் போட்டு ஏறும் பழக்கம் வேண்டாம். அந்தப் புண் வழியாகத்தான் மரத்தைக் குடைந்து தின்னும் கூன்வண்டு உள்ளே போகும்.

பெல்ட் கட்டாமல் கொண்டைக்குள் நுழையாதீர்கள். நானும் பதினான்கு வருடம் பெல்ட் இல்லாமல்தான் ஏறினேன். வாங்கி வைத்திருந்தேன், வண்டிப் பெட்டியில் கிடந்தது. ஒரு வைகாசி மாதம் மனைவி கெஞ்சினாள் என்பதற்காகக் கட்டத் தொடங்கினேன். அந்த ஆடியிலேயே ஒரு தோப்பில், பார்க்கப் பச்சையாக இருந்த மட்டையில் கால் வைத்தேன். மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் வலை போன்ற நார், அதாவது பன்னாடை, உள்ளே மட்கிப் போயிருந்தது. சத்தமே இல்லாமல் மட்டை கழன்று போனது. நாலடி இறங்கி பெல்ட்டில் தொங்கினேன். மட்டை கீழே போய் விழுந்த சத்தம் அப்புறம்தான் கேட்டது. அதிலிருந்து எந்த மட்டையையும் முதலில் கையால் அழுத்தி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாரம் வைப்பேன். காய்ந்த மட்டையைப் பிடிக்கவே கூடாது.

கொண்டைக்குப் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் நின்று காது கொடுங்கள். குளவி இருந்தால் இரைச்சல் கேட்கும். கேட்டால் வேகமாக எதையும் ஆட்டாமல், வந்தபடியே இறங்கிவிடுங்கள். எலி கடித்த குரும்பை கீழே கிடந்தால் மேலே பாம்பும் இருக்கலாம், எலியைத் தேடித்தான் அது வரும். பன்னாடைக்குள் தேளும் பூரானும் இருக்கும். அதனால் கையை விடுமுன் அரிவாளால் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

இனி மேலே செய்ய வேண்டிய வேலை. காய்ந்த மட்டை, பழைய பாளை, பன்னாடை எல்லாவற்றையும் எடுங்கள். அடியில் இருக்கும் முற்றின குலையை வெட்டுங்கள். காய் முற்ற பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆகும். மாதத்துக்கு ஒரு குலை என்று கணக்கு வைத்தால் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை போவது சரியாக இருக்கும். பச்சை மட்டையில் கை வைக்காதீர்கள். "எல்லாத்தையும் கழிச்சு மொட்டை பண்ணிடுங்க, குப்பை விழுது" என்று சொல்லாத வீட்டுக்காரர் குறைவு. அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும்தான் ஒரு பாளை வருகிறது, குலை கீழ் மட்டையில்தான் சாய்ந்து உட்காருகிறது. மட்டையை எடுத்தால் குலை ஒடிந்து தொங்கும், காய்ப்பும் குறையும். கம்பிக்காகவோ வீட்டுக்காகவோ ஒரு பச்சை மட்டையை எடுத்தே ஆக வேண்டும் என்றால், மரத்தோடு ஒட்ட வெட்டாமல் நாலடி விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டிய பச்சைக் காயத்தின் வாசனைக்குக் கூன்வண்டு வந்துவிடும்.

குருத்தைப் பாருங்கள். விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியது போல 'வி' வடிவில் இருந்தால் காண்டாமிருக வண்டு குடைந்திருக்கிறது. ஓட்டை தெரிந்தால் கொக்கிக் கம்பியை விட்டு வண்டை இழுத்துவிடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டும். இதற்குத் தனிக் கூலி கேளுங்கள், தயங்க வேண்டாம். பக்கத்தில் எருக்குழி இருந்தால் அதைக் கிளறிப் புழுவைப் பொறுக்கச் சொல்லுங்கள், வண்டு அங்கேதான் பெருகுகிறது. ஓலையெல்லாம் கரி பூசியது போல இருந்தால் வெள்ளை ஈ. இந்தச் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தெரிந்ததே 2016-இல் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான். அதற்குக் கண்ட விஷத்தை அடிக்கச் சொல்லாதீர்கள், ஈயைத் தின்னும் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் சந்தேகம் என்றால் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சிங்காநல்லூரில் ஒரு அம்மா வீட்டில் ஒரே ஒரு மரம். "கண்ணு, இது காய்க்கவே மாட்டேங்குது, வெட்டிப்போடலாமா?" என்று கேட்டார். அவருடைய கணவர் வைத்த மரம். ஏறிப் பார்த்தேன். கொண்டைக்கு ஒரு முழம் கீழே சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்பாக ஒழுக்கு, ஓட்டை வாயில் மென்று துப்பியது போல நார். மரத்தில் காதை வைத்தேன். உள்ளே நறநறவென்று சத்தம், ஈர மட்டையை யாரோ பல்லால் கடிப்பது போல. கூன்வண்டின் புழு. நடுக் குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. இறங்கி வந்து போனில் எடுத்த படத்தைக் காட்டி, அன்றைக்கே வேளாண்மை அலுவலரைப் பார்க்கச் சொன்னேன். அவர் சொன்ன வைத்தியத்தைச் செய்தார்கள். மரம் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு அந்தத் தெருவில் பதினொரு வீடு எனக்கு, எல்லாம் அந்த அம்மா சொல்லி வந்தவை.

கூலியை ஏறுமுன்னே பேசிவிடுங்கள். நான் வீட்டு மரத்துக்கு 200 ரூபாய் வாங்குகிறேன், குலையைக் கயிற்றில் இறக்க வேண்டிய மரமென்றால் 350. மட்டையை அள்ளிப்போடுவது கூலியில் சேருமா சேராதா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், சண்டை வருவது எப்போதும் அங்கேதான். தோப்பில் மரத்துக்கு இவ்வளவு என்று குறைவாகத்தான் வரும், ஆனால் ஒரே இடத்தில் நாற்பது மரம் கிடைக்கும். இரண்டும் கலந்து இருந்தால்தான் மாதம் ஓடும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். வீடு, தேதி, எத்தனை காய், கொண்டையில் என்ன பார்த்தேன், அடுத்து எப்போது. நாற்பதாவது நாள் நீங்களே போன் பண்ணுங்கள். போன தடவை 38 காய், இந்தத் தடவை 21 என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் வீட்டுக்காரர் முகமே மாறிவிடும். ஏறும்போது போன் கீழே பையில் இருக்கட்டும். கொண்டைப் படம் எடுக்க வேண்டிய மரத்துக்கு மட்டும் பட்டனுள்ள பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் சுழற்றி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இந்த மாதங்களில் பாதி நாள் வேலை இருக்காது. அதற்கென்று தைக்குப் பிறகு வரும் பணத்தில் மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். தென்னை வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டில் சேருங்கள், அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். தவறாமல் செய்யுங்கள். தேதியை என் மனைவி நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் அரை மணி நேரம் சாமானுக்கு ஒதுக்குங்கள். அரிவாளைச் சாணை பிடியுங்கள். மொட்டை அரிவாள் துள்ளித் தொடைக்கு வரும். மெஷினின் கம்பி வடத்தைத் துணியால் உருவிப் பாருங்கள், ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும். மாட்டினால் வடத்தை மாற்றும்வரை ஏறக்கூடாது. பெல்ட்டின் தையலையும் கொக்கியையும் வெளிச்சத்தில் பாருங்கள். முழங்காலுக்கும் உள்ளங்காலுக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு, எட்டு மணிக்குள் நாளைக்குப் போக வேண்டிய வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

"அக்கா, காலையில ஆறரைக்கு வர்றேனுங். காரை மட்டும் வெளியே எடுத்து நிறுத்தி வெச்சிருங்க."