கோழிக்கூட்டுத் தரையும் விரிப்பும்: நம்ம குமரி மாவட்டத்தில் செய்யும் தவறுகள்

நாமக்கல் பக்கம் போட்ட கூட்டை வீடியோவில் பார்த்துவிட்டு அதே மாதிரி இங்கே போடுவதுதான் முதல் தவறு. அங்கே வெயில் அதிகம், மழை குறைவு. நமக்கோ ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கும் உண்டு, நடுவில் தரை காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அதனால் தரையில் பரப்பும் மரத்தூள், உமி மாதிரி விரிப்பு எதுவானாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால், நனைந்தால் இது எவ்வளவு சீக்கிரம் காயும் என்று கேளுங்கள்.

மரத்தூளில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். குலசேகரம் பக்கத்து மில்லில் ரப்பர் தடி அறுத்த பச்சைத் தூள் மூன்று மூட்டை வாங்கி அப்படியே கூட்டில் கொட்டினேன். நாலாம் நாள் காலையில் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, கிளறியதும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை தூசியாகப் பறந்தது. அந்த வாரமே குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தன, ஆறு குஞ்சு போய்விட்டது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம், ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. அந்தப் பூஞ்சை நுரையீரலில் இறங்கிவிட்டால் மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது மிகவும் கடினம். தூளைத் தார்பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயப்போட்ட பிறகுதான் உள்ளே போட வேண்டும். பர்னிச்சர் பட்டறையிலிருந்து வரும் தூள் வேண்டவே வேண்டாம். அறுத்த ரப்பர் பலகைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள், பிளைவுட் தூள் என்றால் அதில் பசையும் இருக்கும்.

நெல் உமி கிடைத்தால் அது நல்லது. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் கெட்டிப்படாமல் காற்றோட்டமாக இருக்கும், உமியும் காய்ந்த மரத்தூளும் கலந்து 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் வரை போட்டால் போதும். தென்னை நார்க்கழிவு நம்ம ஊரில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமான். கோடையில் சரி, ஆனி ஆடிச் சாரலில் சரிவராது. கடல் மணலும் அப்படித்தான், உப்பு இருப்பதால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தரைக்கு வருவோம். வெறும் மண் தரை விட்டால் பெருச்சாளி தோண்டி வரும், அந்தப் பொந்து வழியாகப் பாம்பும் வரும். சிமென்ட் போடுகிறவர்கள் மட்டமாகப் போட்டுவிடுகிறார்கள், கழுவிய தண்ணீர் மூலையில் தேங்கி நிற்கும். முற்றத்தைவிட ஒரு அடியாவது உயர்த்தி, ஒரு பக்கம் சாய்வு வைத்துப் போடுங்கள். டைல்ஸ் வேண்டாம், வழுக்கும். முழுக்கக் கம்பிவலைத் தரை என்றால் எச்சம் கீழே விழுந்து சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கனத்த கோழிகளுக்குப் பாதத்தில் புண் வரும். பொரித்த குஞ்சுக்கு வழவழப்பான செய்தித்தாளை விரிப்பதும் தவறு, வழுக்கி வழுக்கிக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். சாக்குத் துண்டு போடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிடுகிறோம். கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், பாதி ஈரம் அதோடு நின்றுவிடும். எச்சத்தோடு வரும் ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஈரமும் சூடும் சேர்ந்த விரிப்பில்தான் நோய் தரும் அளவுக்கு முதிரும். வாரத்துக்கு இரண்டு தடவை கிளறிவிட்டு ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் அந்த இடத்தை அள்ளி மாற்ற வேண்டும். குனிந்து நிற்கும்போது எச்சத்தின் நெடியில் கண் எரிகிறது என்றால் தாமதித்துவிட்டீர்கள். கோழி நாள் முழுக்க அந்த உயரத்தில்தான் மூச்சு விடுகிறது.

அள்ளிய விரிப்பைச் சுடச்சுடத் தென்னை மூட்டில் கொட்டாமல், ஒரு ஓரத்தில் குவித்து மூடி இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுப் போடுங்கள்.