ஸ்பானிஷ் தொடங்கும் பிள்ளைக்கு இரண்டு வேத வரிகள்

உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் எடுக்கும் பிள்ளைகளை முதலில் திணறடிப்பது 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைச்சொற்கள்தான். தமிழில் இரண்டுக்குமே 'இரு' போதும் என்பதால் நமக்கு இன்னும் குழப்பம். அட்டவணையை உருப்போடுவதற்கு முன் இந்த இரண்டு வரிகளைச் சொல்லிக் கொடுங்கள்.

'தியோஸ் எஸ் அமோர்': தேவன் அன்பாகவே இருக்கிறார் (1 யோவான் 4:8). அவர் யார் என்று சொல்கிறது, மாறாத இயல்பு. அதனால் செர் ('எஸ்' அதன் வடிவம்).

'பாத்ரே நுவெஸ்த்ரோ, கே எஸ்தாஸ் என் லோஸ் சியேலோஸ்': பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே (மத்தேயு 6:9). எங்கே இருக்கிறார் என்பது. அதனால் எஸ்தார்.

பொருள் ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் பிள்ளையின் கவனம் முழுதும் சொல்லின் மேல் நிற்கும். குடும்ப ஜெபத்தில் தினமும் ஒருமுறை சத்தமாகச் சொல்லட்டும், உச்சரிப்பும் படியும். எனக்கு மிகவும் பிடித்தது 'எஸ்தாஸ்' என்பதன் கடைசி 'ஸ்'. நண்பனிடம் பேசும் 'தூ' (நீ) வடிவம் அது. தமிழ் வேதத்தில் 'நீர்' என்கிறோம், ஸ்பானிஷில் அவ்வளவு நெருக்கமாக அழைக்கிறார்கள்!

வேதாகமம் வாங்கினால் ரெய்னா-வலேரா 1960 பதிப்பு எளிதில் கிடைக்கும். அதில் 'நீங்கள்' என்ற பன்மைக்கு வரும் 'வோசோத்ரோஸ்' லத்தீன் அமெரிக்கப் பேச்சில் இல்லை; அங்கே 'உஸ்தேதெஸ்'தான். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.