முடி வளர்ச்சி கிரீம்: எதை எதோடு சேர்க்கலாம், எந்த வரிசையில்?

முதன்முதலாக கிரீம் செய்ய உட்காருகிறவர்களுக்கு, முடிக்கு நல்லது என்று கேள்விப்பட்ட எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும் என்று தோன்றும். வைட்டமின் சி, காஃபின், காப்பர் பெப்டைடு, வெங்காயச் சாறு, நான்கைந்து எசென்ஷியல் ஆயில்கள்... தயவுசெய்து வேண்டாம். தனித்தனியே நல்ல பொருட்கள், ஒன்றுசேர்ந்தால் ஒன்றையொன்று கெடுத்துவிடலாம். ஒத்துப்போகிற நான்கு போதும்.

எதற்கு எது ஆகும்?

ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். நீரில் கரையுமா, எண்ணெயில் கரையுமா? சூட்டைத் தாங்குமா? எந்த பிஎச் அளவில் (புளிப்புத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) நிலைத்திருக்கும்?

வைட்டமின் பி3-யின் ஒரு வடிவமான நியாசினமைடு நீரில் கரையும், சூட்டையும் தாங்கும். பிஎச் 5 முதல் 7 வரை அதற்கு வசதி. வைட்டமின் சியின் அஸ்கார்பிக் அமில வடிவத்துக்கோ பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் புளிப்பில் நியாசினமைடு நாளடைவில் நிகோடினிக் அமிலமாக மாறத் தொடங்கலாம்; அது தோலைச் சிவக்க வைத்துக் குறுகுறுக்கச் செய்யும். காப்பர் பெப்டைடில் இருக்கும் செம்பையும் அஸ்கார்பிக் அமிலம் சும்மா விடாது. அதனால் இந்த கிரீமில் வைட்டமின் சி, காப்பர் பெப்டைடு இரண்டும் இல்லை.

காஃபினில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும். சூடான நீரில் அதைவிட நிறையக் கரைவதால் 3, 4 கிராம் போட்டாலும் முதலில் தெளிவாகவே தெரியும். ஆறியதும் மெல்லிய ஊசி போன்ற படிகங்கள் திரும்பி வரும். கிரீமை விரலில் தேய்த்தால் மணல் போல நெருடும். எனவே 1 கிராமோடு நிறுத்துங்கள். நியாசினமைடு கூட இருந்தால் காஃபின் நீரில் இன்னும் நன்றாகக் கரையும். இந்த ஜோடி எனக்கு மிகவும் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வைட்டமின் பி5-யோடு தொடர்புடைய பாந்தெனால் நீரில் கரையும். நீண்ட நேரச் சூடு அதற்கு ஆகாது என்பதால் கடைசியில்தான் சேர்ப்போம். ரோஸ்மேரி எசென்ஷியல் ஆயிலும் அப்படித்தான், சூட்டில் ஆவியாகிவிடும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் ரோஸ்மேரி எண்ணெயை முடி வளரத் தடவும் மினாக்ஸிடில் மருந்தின் 2 சதவீதக் கரைசலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 3 மாதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 6 மாதத்தில் இரண்டு குழுவிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது. 100 பேர் கலந்துகொண்ட சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. அதற்காக மினாக்ஸிடிலையே வாங்கி இதில் கலக்காதீர்கள். அது மருந்து. வீட்டு கிரீமில் எவ்வளவு தோலுக்குள் போகும் என்று கணிக்க முடியாது.

100 கிராம் கிரீமுக்கு

நீர்ப் பகுதி: டிஸ்டில்டு வாட்டர் 72 கிராம், கிளிசரின் 3, நியாசினமைடு 2, காஃபின் 1.

எண்ணெய்ப் பகுதி: எமல்சிஃபையிங் வாக்ஸ் (நீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் மெழுகு) 6, சீட்டைல் ஆல்கஹால் 2, ஹொஹோபா எண்ணெய் 7, விளக்கெண்ணெய் 3.

ஆறிய பின்: பாந்தெனால் 2, வைட்டமின் ஈ 0.5, ரோஸ்மேரி 0.5, பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) 1.

வாக்ஸ் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். செட்டெரைல் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60-உம் கொண்டதே நமக்கு வேண்டும். சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்ந்த வகையும் அதே பெயரில் கிடைக்கிறது, அது வேண்டாம். பிரிசர்வேட்டிவுக்கு ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் கலந்தது நல்லது. வைட்டமின் ஈ, கிரீமில் உள்ள எண்ணெயில் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. நீர் இருக்கிற கிரீமில் பிரிசர்வேட்டிவை விடவே கூடாது. வெங்காயச் சாறு, புதிதாக அரைத்த இலை விழுது எதுவும் இதில் வராததற்கும் கிருமிதான் காரணம்.

செய்முறை

1. பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் கழுவி ஆல்கஹால் தெளித்து உலர விடுங்கள். எல்லாவற்றையும் 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது.

2. நீர்ப் பகுதியை ஒரு கண்ணாடி பீக்கரிலும் எண்ணெய்ப் பகுதியை இன்னொன்றிலும் எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இரண்டையும் 70 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். நீர் பீக்கரின் எடையைச் சூடாக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஆவியான அளவுக்குச் சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும்.

3. இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது நீரை எண்ணெயில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை இடையிடையே நிறுத்தி நிறுத்தி 2, 3 நிமிடம் ஓட்டுங்கள். ஊற்றியதுமே பால் போல வெளுக்கும். பிளெண்டரின் தலை முழுதும் மூழ்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி நிறைந்துவிடும்.

4. அப்புறம் கையால் கலக்கிக்கொண்டே ஆறவிடுங்கள். முதலில் நீர்த்துத்தான் இருக்கும். பயந்து வாக்ஸைக் கூட்ட வேண்டாம், சூடு இறங்க இறங்கக் கெட்டியாகும்.

5. 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் மூன்றாம் பகுதியை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கலக்குங்கள்.

6. 1 கிராம் கிரீமை 9 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து பிஎச் பாருங்கள். 5.5-ஐ ஒட்டி இருந்தால் சரி. 6.5-க்கு மேல் போனால் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்குங்கள். 5-க்குக் கீழே போகவிடாதீர்கள்.

விரல் படாத பம்ப் பாட்டிலில் அடைத்து, தேதி எழுதி, 3 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நீர் பிரிந்தாலோ வாடை மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தலையில் தடவும் முன் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் இந்தக் கிரீம் உங்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, திடீரெனக் கொத்தாக வந்தாலோ நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். அதற்கு இந்தக் கிரீம் மருந்தாகாது.

வகிடு பிரித்து, உச்சந்தலைத் தோலில் மெல்லிசாகத் தடவினால் போதும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் இரண்டு வாரத்தில் கண்ணாடி பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். தொடங்கும் நாளில் ஒரு படம், 6 மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் அதே வகிட்டில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.